வெளியூர் அறிஞர்

வருஷத்துக்கு இரண்டு தடவை, தன் புருஷனுக்கு வேலை முடிந்துவிட்டது என்று தன் கையாலேயே தட்டச்சு செய்து, முத்திரை குத்தி, அதை அவனிடமே நீட்டி, ‘பெற்றுக்கொண்டேன்’ என்று கையெழுத்தும் வாங்கிக்கொள்ளும் பெண் உலகத்தில் வேறு எங்காவது இருக்கிறாளா தெரியாது. அந்தப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றுத் துறையில் ஒருத்தி இருந்தாள். தட்டச்சம்மா என்பார்கள். தட்டச்சுப் பொறி போய்க் கணினி வந்து எத்தனையோ காலமாயிற்று, பெயர் மட்டும் போகவில்லை. அவள் தற்காலிக உதவியாளர். புருஷன் அதே துறையில் தற்காலிக விரிவுரையாளர். தெருவில் அவனுக்கு வாத்தியார் என்று பெயர். அந்தக் குடும்பத்தில் கல்யாணம் ஒன்றுதான் நிரந்தரம் என்பார் மாமனார். சொல்லிவிட்டு மகன் பக்கம் திரும்பி, எதற்கும் அதையும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை புதுப்பித்துக்கொள்ளடா என்று யோசனையும் சொல்வார்.

துறையில் ஏற்பாடு இப்படி. வாத்தியாருக்கு உத்தரவு ஐந்து மாதம் இருபத்தொன்பது நாளுக்கு. அது முடிந்த மறுநாள் அவன் யாரோ, பல்கலைக்கழகம் யாரோ. அதற்கும் மறுநாள் புது உத்தரவு. நடுவில் தொங்குகிற அந்த ஒரு நாளுக்குப் பணிமுறிவு என்று பெயர். சேர்ந்தாற்போல் ஆறு மாதம் வேலை வாங்கிவிட்டால் ஆள் உரிமை கொண்டாட ஆரம்பித்துவிடுவான் என்று எந்த மகானுபாவனோ பயந்துபோய்க் கண்டுபிடித்தது. ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால் முறிவு கெட்டியாக இராது என்று திங்களுக்குத் தள்ளி வைப்பார்கள். நல்ல காரியத்துக்கு நாள் பார்ப்பதுபோல.

அந்த ஒரு நாள் வாத்தியார் வீட்டில் காலை நீட்டிப் படுத்திருப்பான் என்று நினைத்தால் உங்களுக்குப் பல்கலைக்கழகத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று அர்த்தம். முறிவு நாளில் வராதவனுக்கு மறுநாள் உத்தரவு வராது. எழுதி வைக்காத சட்டம் அது. எழுதி வைத்த சட்டங்களை ஆளுக்கொரு பக்கம் வளைக்கிற இடத்தில் இதை மட்டும் ஒருவரும் வளைத்ததில்லை. ஆகவே வாத்தியார் வழக்கம்போல் முகம் மழித்து, வழக்கமான பஸ்ஸில் பெண்டாட்டியோடு வந்து இறங்குவான். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடமாட்டான். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரு வாரம் திங்கட்கிழமை சுற்றறிக்கை ஒன்று வந்தது. பத்து வருஷம் முறிவில்லாமல் பணியாற்றிய தற்காலிக ஆசிரியர்களின் பட்டியலை வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். பட்டியலில் இருப்பவர்கள் நிரந்தரம் ஆவார்கள். இல்லாதவர்களின் உத்தரவு இனிமேல் புதுப்பிக்கப்படாது. துறை அனுப்பத் தவறினால், பல்கலைக்கழகமே வெளியிட்ட ஆவணங்களோடு ஆசிரியர் தாமே பதிவாளர் அலுவலகத்தில் கொடுக்கலாம். உதவியாளர்களின் நிலை பின்னர் பரிசீலிக்கப்படும். கடைசி வரியைப் படித்ததும் தட்டச்சம்மா காகிதத்தைத் துளை போட்டுக் கோப்பில் சேர்த்தாள். ‘பின்னர்’ என்ற சொல் அந்தக் கோப்பில் ஏற்கனவே ஏழெட்டு இடத்தில் இருந்தது.

வாத்தியார் துறைக்கு வந்து பதினோரு வருஷம். முறிவு இருபத்திரண்டு. வயது நாற்பத்து நான்கு. சுற்றறிக்கையை இரண்டு தடவை படித்துவிட்டு, ‘முறிவில்லாமல்’ என்று போட்டிருக்கிறார்களே என்றான். பிறகு மூன்றாம் ஆண்டு வகுப்புக்குப் போய்விட்டான்.

புழுக்கமான வாரம் அது. வானம் நாள் முழுக்க மழை வருகிற மாதிரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, சாயங்காலமானால் ஒன்றுமில்லை என்று கலைந்துபோயிற்று. துறை அலுவலகத்தில் இரண்டு மின்விசிறி. ஒன்று ஓடாது. ஓடுகிற ஒன்று தலைவர் அறையில் இருந்தது.

துறைத்தலைவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் பொன்னெழுத்தார். கதவில் பெயர்ப்பலகை பொன்னெழுத்து, மேசையில் பெயர்க்கட்டை பொன்னெழுத்து, தண்ணீர் குடிக்கிற குவளையில்கூடப் பட்டங்களோடு பெயர். இருபது வருஷமாக அவர் எழுதிக்கொண்டிருக்கும் பெரும் நூலுக்கு அட்டை தயார். உள்ளே வைக்கத்தான் எதுவும் இல்லை. அவர் உண்மையில் எழுதி முடித்தது துறையின் ஆண்டறிக்கைகள் மட்டும். அதையும் எழுதியது தட்டச்சம்மாதான். அவர் முன்னுரையில் கையெழுத்துப் போடுவார்.

புதன்கிழமை அவளைக் கூப்பிட்டு, பணிக்குறிப்பு ஒன்று அடிக்கச் சொன்னார். இன்னின்ன தேதிகளில் மேற்படி விரிவுரையாளர் பணியில் இல்லை, ஆகவே பட்டியலுக்குத் தகுதி இல்லை. இருபத்திரண்டு தேதியையும் வரிசையாகப் போட வேண்டும். உன் புருஷன் என்று சங்கடப்படாதே அம்மா, சட்டம் சட்டம்தான் என்றார். அந்த இடத்தை விளம்பரம் செய்து தன்னிடம் ஆய்வு செய்த பையனுக்குக் கொடுப்பதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தது மாடிப்படி பெருக்குகிற அம்மாளுக்குக்கூடத் தெரியும். சட்டத்துக்குத்தான் தெரியாது.

அவள் பதிவேட்டைப் பார்த்துத் தேதிகளை அடிக்க ஆரம்பித்தாள். நாலைந்து அடித்ததும் விரல் தானாக ஓடியது. ஏழாவதைப் பதிவேட்டைப் பார்க்காமலே அடித்தாள். எட்டாவதையும். பார்த்தால் சரியாக இருந்தது. ஒரு வேலையை இரண்டு தடவை செய்த கைக்கு மூன்றாம் தடவை மூளை வேண்டாம். முறிவு உத்தரவில் தவிர, இந்தத் தேதிகளை நான் வேறு எங்கேயோ ஏற்கனவே அடித்திருக்கிறேனே என்று யோசித்து, எழுந்து போய் இரும்பு அலமாரியைத் திறந்தாள். சிவப்புக் காலிகோத் துணி அட்டை, பொன்னெழுத்து, பதினோரு ஆண்டறிக்கைகள்.

நடந்தது இதுதான். துறைக்குத் தரம் போட வருகிற குழு, சிறப்புரை ஒன்றுக்கு இத்தனை புள்ளி என்று கொடுக்கும். வெளியிலிருந்து பெரிய மனிதர்களைக் கூப்பிட்டால் பயணச் செலவு கேட்பார்கள். உள்ளே இருப்பவர்களுக்கு வகுப்பு இருக்கும். வருஷத்தில் இரண்டு நாள் மட்டும் கால அட்டவணையில் பெயரே இல்லாத ஒருவன் கைவசம் இருந்தான். பொன்னெழுத்தார் அவனை மேடையில் ஏற்றினார். கூடம் நிறைய மாணவர்களை அடைத்து, தானே தலைமை தாங்கி, படமும் எடுத்து, ‘நம் துறை ஆசிரியர் ஆற்றிய சிறப்புரை’ என்று தேதியோடு ஆண்டறிக்கையில் ஏற்றினார். புள்ளி ஏறி, அவருடைய பதவியும் ஏறியது. ஒரே தேதியில் ஒரே மனிதன் பதிவேட்டில் ஆளே இல்லை, ஆண்டறிக்கையில் துறையின் ஆசிரியன். இரண்டிலும் அதே தலைவரின் கையெழுத்து. இரண்டையும் அடித்தது அதே விரல்கள். அவள் வருவதற்கு முந்தைய வருஷத்து இரண்டு தேதிகளை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்த்தாள். அவையும் சரியாக இருந்தன.

அன்று சாயங்காலம் வீட்டில் அவள் கீரை ஆய்ந்துகொண்டே விஷயத்தைச் சொன்னாள். முன்னறையில் மாமனார் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக நின்ற முழங்கால். வாத்தியார் விடைத்தாள் கட்டைப் பிரித்து வைத்திருந்தான். கேட்டுவிட்டு முதலில் சிரித்தான். அப்புறம் முகம் சுருங்கிவிட்டது. வேண்டாம் என்றான். தலைவர் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறாராம், உத்தரவு நின்றுபோனாலும் மணிக்கணக்கில் வாரத்துக்கு நாலு வகுப்பு தருவாராம். இருக்கிறதையும் கெடுத்துக்கொள்வானேன்? அவளுக்கும் அடுத்த மாதம் உத்தரவு புதுப்பிக்கிற நேரம். அதையும் அவன் யோசிக்க வேண்டாமா?

"என் உத்தரவை நான் பாத்துக்கறேன்," என்றாள். "அந்த இருபத்திரண்டு நாளும் பேசினீங்களா இல்லையா? அதைச் சொல்லுங்க."

பேசியதைப் பற்றிக் கேட்டால் அவன் முகம் வேறாகிவிடும். அந்தப் பேச்சுகளுக்கு அவன் மாதக்கணக்கில் தயார் செய்வான். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களின் வேலைநிறுத்த மனுக்களைத் தேடிப்பிடித்து ஒன்று, பஞ்ச காலத்துச் சிறைக் கைதிகளின் சாப்பாட்டுப் புகார்களை வைத்து ஒன்று. வகுப்பில் தூங்குகிற பிள்ளைகள் அன்றைக்கு நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டார்கள். வேலையில் இல்லாத அந்த நாள்களில்தான் அவன் மனதாரச் செய்த வேலை எல்லாம் இருந்தது.

"பேசினேன்," என்றான். "அதுக்காகச் சண்டை போட முடியுமா? நாலு வகுப்பாவது மிஞ்சட்டும்."

மாமனார் தைலக் கையைத் துண்டில் துடைத்தார். "அம்மாடி, இவன் பதினோரு வருஷமா படியில தொங்கிட்டு வர்றான். இப்ப கண்டக்டர் சொல்றான், நீ இறங்கிக்கோ, பஸ் பின்னாடியே ஓடி வா, எங்கயாவது நின்னா ஏத்திக்கறேன்னு. இவன் செருப்பைக் கழட்டிட்டு நிக்கறான், ஓடறதுக்கு."

"அப்பா, உங்களுக்கு இதெல்லாம் புரியாது."

"எனக்கு ஏண்டா புரியும்? நான் டிக்கெட் கிழிச்சவன். நீ வரலாறு கிழிச்சவன்."

வாத்தியார் விடைத்தாள் கட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான். அவள் பின்னாலேயே போகவில்லை. கீரைத் தண்டைக் கத்தியால் நறுக்கிய சத்தம் வழக்கத்தைவிடப் பலமாக இருந்தது. பொன்னெழுத்தார் மேல் அவளுக்கு அவ்வளவு கோபம் இல்லை. அந்த ஆள் பிழைப்பே அது. கொள்ளி எறும்பு கடிக்கிறது என்று யார் கோபப்படுவார்கள்? கடிக்கிற இடத்தைத் தடவித் தடவிக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானே ஒருவன், அவன் மேல்தான் அவளுக்கு எரிந்தது.

மறுநாள் பகல் முழுக்கப் பக்கங்களை நகல் எடுத்தாள். எதையும் மறைக்கவில்லை. பொன்னெழுத்தார் இரண்டு தடவை அந்தப் பக்கம் வந்துபோனார். தரக்குழுவுக்கு ஏதோ எடுக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, நன்றாகக் கருப்பாக வரட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை இரண்டரை மணிக்கு, நூலகத்தில் புத்தகம் தள்ளுகிற சக்கர வண்டியைக் கேட்டு வாங்கி, பதினோரு ஆண்டறிக்கைகளையும் அடுக்கி, தலைவர் அறைக்குள் தள்ளிக்கொண்டு போனாள். மேசையில் இரண்டு காகிதம் வைத்தாள். ஒன்று, அவர் கேட்ட பணிக்குறிப்பு. இருபத்திரண்டு நாளும் இவர் பணியில் இல்லை. இன்னொன்று, அவர் கேட்காதது. இருபத்திரண்டு நாளும் இவர் துறை ஆசிரியராகச் சிறப்புரை ஆற்றினார், ஆதாரம் ஆண்டறிக்கை, இன்ன பக்கம், இன்ன வரி.

"ரெண்டுல எது நிஜமோ அதுல கையெழுத்துப் போடுங்க சார். முதல்ல போட்டீங்கன்னா, ஆண்டறிக்கை பொய்னு நானே தரக்குழுவுக்கு ஒரு கடிதம் அடிச்சுடறேன். அதுலயும் நீங்கதான் கையெழுத்துப் போடணும்."

பொன்னெழுத்தார் முதலில் ஆண்டறிக்கைகளின் அட்டையைத் தடவிப் பார்த்தார். பழைய பைண்டர் நல்ல வேலைக்காரன் என்றார். அப்புறம் இது வேறு யாருக்கெல்லாம் தெரியும் என்று விசாரித்தார். அப்புறம் அடுத்த மாதம் அவளுடைய உத்தரவு வருகிறதல்லவா என்று நினைவுபடுத்தினார். அவள் இரண்டு காகிதத்தையும் அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள். மின்விசிறி ஓடிற்று. ஐந்து நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டிருந்தவர், பிரசவ வலி கண்டவர்போல் ஒரு முனகல் முனகிவிட்டுக் கண்ணைத் திறந்தார்.

பிழைதிருத்தம் என்றார். எந்த அறிஞன் நூலில்தான் அச்சுப்பிழை இல்லை? பதினோரு ஆண்டறிக்கையிலும் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டிவிட்டால் தீர்ந்தது. ‘நம் துறை ஆசிரியர்’ என்று இருக்கும் இடத்திலெல்லாம் ‘வெளியூர் அறிஞர்’ எனத் திருத்தி வாசிக்கவும். அந்தத் தேதிகளில் அவர் துறை ஆசிரியர் இல்லை, ஆகவே வெளியாள். வெளியாள் வந்து பேசினால் வெளியூர் அறிஞர். பதிவேடும் பொய்யில்லை, ஆண்டறிக்கையும் பொய்யில்லை, வெளியூர் அறிஞருக்குப் புள்ளி இன்னும் கூடுதல். தன் மூளையைக் கண்டு தனக்கே ஒரு மரியாதை வந்து, பொன்னெழுத்தார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். வாத்தியார் ஒப்புதல் கையெழுத்து மட்டும் போட வேண்டும். கூப்பிடு என்றார்.

வாத்தியார் விரலில் சுண்ணக்கட்டித் தூளோடு வந்து நின்றான். பதினோரு வருஷத்தில் முதல்முறையாக அவனைக் கைவைத்த நாற்காலியில் உட்காரச் சொன்னார். தன் பொன்னெழுத்துக் குவளையில் தண்ணீர் ஊற்றி அவன் பக்கம் தள்ளினார்.

"தம்பி, நீங்க பேசின பேச்செல்லாம் ஒரு தற்காலிக விரிவுரையாளர் பேசற பேச்சா? அந்தச் சிறைக் கைதிகள் பேச்சை நான் இன்னும் மறக்கலை. ஏதோ துறை ஆசிரியர்னு சாதாரணமாப் போட்டது என் தப்பு. அறிஞர்னு போட்டிருக்கணும். இப்பத் திருத்திடறேன். காலத்துக்கும் நிக்கும்."

வாத்தியார் காகிதத்தைப் படித்தான். தன் பெயருக்கு முன்னால் அந்தச் சொல் இருந்த இடத்தில் அவன் கண் நின்றுவிட்டதை அவள் பார்த்தாள். இதை ஒட்டினால் பட்டியல் போய்விடும், வேலை போய்விடும், பதினோரு வருஷமும் யாரோ வெளியூர்க்காரன் வருஷத்துக்கு இரண்டு தடவை வந்துபோன கதையாகிவிடும். அது அவனுக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் அவன் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் ஏறியது. அந்தப் பேச்சுகளை ஒருவராவது ஞாபகம் வைத்திருந்து சொல்ல மாட்டாரா என்று எத்தனை வருஷம் காத்திருந்தானோ. சொன்னவர் கழுத்தை அறுக்கத்தான் சொல்கிறார் என்பது அந்தச் சமயத்தில் அவனுக்குப் பெரிதாகப் படவில்லை. பேனாவின் மூடியைக் கழற்றினான்.

 அவள் சிறப்புரைப் பதிவுப் படிவம் ஒன்றை எடுத்தாள்.

"வெளியூர் அறிஞர்னா இந்தப் படிவமும் கூட வைக்கணும் சார். எந்த ஊர்லேர்ந்து வந்தார்னு ஒரு கட்டம் இருக்கு. என்ன போடட்டும்?"

"ஏதாவது ஒரு ஊரைப் போடும்மா."

"நான் எப்படி சார் போடறது? அவர் எதிர்லயே இருக்காரே, அவரையே கேட்டுடறேன்." வாத்தியார் பக்கம் திரும்பினாள். பதினாறு வருஷம் குடும்பம் நடத்திய ஆளிடம், முன்பின் பார்த்திராத பெரிய மனிதரிடம் பேசுகிற குரலில் கேட்டாள். "அறிஞர் ஐயா எந்த ஊர்லேர்ந்து வந்தீங்க?"

வாத்தியார் குவளையில் இருந்த பொன்னெழுத்தைப் பார்த்தான்.

"சரிங்க ஐயா. பயணம் எதுல?"

"பஸ்ஸுல," என்றான் மெதுவாக.

"தனியா வந்தீங்களா, கூட யாராவது வந்தாங்களா?"

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவள் குனிந்து, எழுதத் தயாராகப் பேனாவைப் படிவத்தில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"உன்கூட," என்றான்.

"தங்கினது எங்கன்னு போடட்டுங்க ஐயா? முந்தின நாள் எங்க தங்கினீங்க? அதுக்கு மறுநாள்? இந்தப் பதினோரு வருஷமும்?"

"போதும்மா, போதும்," என்றார் பொன்னெழுத்தார். "கட்டத்தைக் காலியா விடு."

வாத்தியார் பேனாவை மூடினான். மூடி சரியாகப் பொருந்தாமல் இரண்டு தடவை திருகினான்.

"சார், நான் வெளியூர் இல்லை," என்றான். குரல் உடைந்து வந்தது. இன்னொரு தடவை, உடையாமல் சொன்னான். "நான் இந்தத் துறை ஆசிரியர். அறிக்கையில சரியாத்தான் போட்டிருக்கு. திருத்த வேண்டாம்."

அதற்கப்புறம் பொன்னெழுத்தார் பேசியதில் பொன்னும் இல்லை, எழுத்தில் போடத் தக்கதும் இல்லை. நாலு வகுப்பு கிடையாது என்றார். தட்டச்சம்மாவின் உத்தரவு இந்த மாதத்தோடு சரி என்றார். நன்றி கெட்டவர்கள் என்று இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே வசவாகச் சொன்னார். எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடவில்லை. அவள் வண்டியைத் திருப்பிக்கொண்டு வெளியே வந்தாள்.

பதிவாளர் அலுவலகம் எதிர்க் கட்டடம். நடுவில் சரளைக்கல் பாதை. வண்டியின் ஒரு சக்கரம் கல்லில் சிக்கிக்கொண்டது. வாத்தியார் முன்னால் போய் இழுத்தான், அவள் பின்னாலிருந்து தள்ளினாள். இரண்டு பேருக்கும் சட்டை, சேலை எல்லாம் வேர்வையில் ஒட்டிக்கொண்டது. பாதையோரம் நின்ற மாணவர்கள் இரண்டு பேர் வந்து கைகொடுக்கப் பார்த்தார்கள். அவள் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டாள்.

கவுன்டரில் இருந்த எழுத்தர், துறைத்தலைவர் கையெழுத்து எங்கே என்று கேட்டார். அவள் முதல் ஆண்டறிக்கையைப் பிரித்து முன்னுரைப் பக்கத்தைக் காட்டினாள். அடுத்ததைப் பிரித்தாள். பதினொன்றையும் பிரித்து வரிசையாகக் கவுன்டரில் வைத்ததில், எழுத்தர் டீக் குவளையை எடுத்து மடியில் வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அவர் தேதிகளை ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தார். பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆவணம்தானே என்று இன்னொரு எழுத்தரிடம் கேட்டார். அந்த ஆள் பொன்னெழுத்தைப் பார்த்துவிட்டு, இதைவிட எப்படி வெளியிடுவது என்றார். எழுத்தர் பதினொன்றையும், அவள் எடுத்த நகல்களையும் வாங்கி வைத்துக்கொண்டார். நாலு மணி பத்துக்கு முத்திரை விழுந்தது. வாத்தியாரின் பெயர் பட்டியலில் ஏறிற்று. இனி இதை நீக்க வேண்டுமானால் காரணத்தை எழுதித்தான் நீக்க வேண்டும். எழுதுகிறவன் பதினோரு ஆண்டறிக்கையையும் பொய் என்று எழுத வேண்டும்.

வெளியே வந்ததும் வாத்தியார் நின்றான்.

"கையெழுத்துப் போட்டிருப்பேன்," என்றான்.

"பாத்தேன்."

"அறிஞர்னு சொன்னதும் கை தானாப் போச்சு. நீ கேக்கலைன்னா போட்டிருப்பேன்."

"போட்டிருந்தா இந்த வண்டியை உங்க மேலயே ஏத்தியிருப்பேன்."

அவன் சிரிக்கப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். இந்த மாதத்தோடு அவளுக்கு வேலை இல்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது போலிருந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"ஒண்ணும் சொல்லாதீங்க," என்றாள். "நாலு மணி வகுப்புக்குப் பசங்க உக்காந்திருப்பாங்க. போங்க."

அவன் போனான். பாதி தூரம் போய்த் திரும்பிப் பார்த்தான். அவள் வண்டியைத் துறைப் பக்கமாகத் திருப்பியிருந்தாள். சரளைக்கல்லில் காலி வண்டி நிறை வண்டியைவிடப் பெரிதாகச் சத்தம் போட்டது. துறைக் கட்டடத்தில் தலைவர் அறை ஜன்னல் சாத்திக்கொண்டது. அவள் வண்டியை மெதுவாகத் தள்ளவில்லை.